ஒரே ஊர், இரண்டு இருக்கைகள்: லிஜியாங்கில் ராக்கும் குல்லார்ட்டும்

யூன்னான் மாநிலத்தின் வடமேற்கில், யூலோங் பனிமலையின் அடியில் இருக்கும், நாக்சி மக்கள் வாழும் லிஜியாங்கைப் பற்றி வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியவற்றுள் இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படிப்பது தனி இன்பம். ஒன்று ஜோசப் ராக்கின் ‘தென்மேற்குச் சீனத்தின் தொன்மை நாக்சி அரசு’. 1947-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக இரண்டு பெரிய தொகுதிகளில் வந்தது. மற்றது பீட்டர் குல்லார்ட்டின் ‘மறக்கப்பட்ட அரசு’. 1955-இல் லண்டனில் வந்தது. ஆசிரியர்கள் இருவரும் நண்பர்கள். 1940களில், ராக் இல்லாத ஓரிரு ஆண்டுகள் நீங்கலாக, ஒரே வட்டாரத்தில் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். ஆனால் இரண்டு நூல்களும் ஒரே ஊரைப் பற்றியவை என்று சொன்னால், அவற்றைப் படித்தவர் சற்றுத் தயங்கித்தான் ஒப்புக்கொள்வார். ராக்கைப் படித்து முடித்தவருக்கு அந்த நாட்டின் கணவாய்களும் ஆறுகளும் அதை ஆண்ட மூ வம்சத்துத் தலைமுறை வரிசையும் தெரிந்திருக்கும். சந்தை நாளன்று தெருவில் யார் யாரோடு பேசினார்கள் என்பது தெரியாது. குல்லார்ட்டைப் படித்தவருக்கு மதுக்கடை நடத்திய பெண்களின் குணம் ஒவ்வொன்றும் அத்துப்படி. கணவாய்களின் பெயர் கேட்டால் விழிப்பார்.

இந்த வேறுபாட்டைப் புலமைக்கும் பொழுதுபோக்கு எழுத்துக்கும் உள்ள வேறுபாடு என்று ஒதுக்கிவிடலாம். அப்படித்தான் பலரும் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. ஒருவர் ஓர் ஊரில் எங்கே உட்கார்ந்தார், யாரோடு சேர்ந்து சாப்பிட்டார் என்பதிலிருந்து தொடங்கினால் இன்னும் கொஞ்சம் துலங்கும்.

ராக் பயணம் செய்த விதத்தைப் பற்றி மிகத் தெளிவான சித்திரம் தந்தவர் எட்கர் ஸ்னோ. 1931-இல் குன்மிங்கிலிருந்து மேற்கே போகையில் இளம் பத்திரிகையாளரான ஸ்னோ ராக்கின் கோவேறு கழுதைக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். ஆட்கள் கூட்டம் ஒன்று முன்னே போய், கண்ணுக்கு இனிய ஓர் இடத்தைப் பார்த்து, சிறுத்தைத் தோலை விரித்து, அதன் மேல் மேசையையும் நாற்காலியையும் போட்டு, வெள்ளை மேசைவிரிப்பும் கைத்துணியும் வைத்துவிடும். ராக் வந்து இறங்கும்போது உணவு தயாராக இருக்கும். சமைத்தவர் நாக்சி, சமைத்தது ஆஸ்திரிய உணவு. குளிக்க மடித்து எடுத்துப்போகும் தொட்டி. மாலையில் கேட்க கிராமபோன். துப்பாக்கி ஏந்திய காவலர்கள் உடன் வருவார்கள். இந்தக் காட்டுவழிகளில் உயிரோடிருக்க வேண்டுமானால் நாம் பெரிய ஆள் என்று மக்கள் நம்ப வேண்டும் என்பது ராக் ஸ்னோவுக்குச் சொன்ன காரணம். கொள்ளையர் மலிந்த அந்த வட்டாரத்தில் இது வெறும் சாக்குப்போக்கு ஆகாது. ஆனால் ஒரு மேசையில் ஒரே ஒரு நாற்காலி என்றால், எதிரே உட்கார்ந்து பேச ஆள் இருக்க மாட்டார் என்பதும் உண்மை.

குல்லார்ட் உட்கார்ந்த இடம் லீ அம்மாளின் மதுக்கடை. நகரின் பிரதான வீதியில், சந்தைச் சதுக்கத்துக்கு அருகே, தெருவைப் பார்த்தபடி ஒரு பலகை. உள்ளே சில ஒடுங்கிய மேசைகள், பெஞ்சுகள். தேனும் கோதுமையும் சேர்ந்த யின்ஜியூ என்ற மதுவைக் குடித்தபடி பிற்பகல் முழுவதும் அங்கே இருப்பது அவர் வழக்கம். கடை அரைகுறை இருட்டு. தெருவோ வெயிலில் பளிச்சென்று கிடக்கும். திபெத்திய வணிகர், மலையிலிருந்து விறகு கொண்டுவரும் குடியானவர், ஆட்டுத்தோல் மேலங்கியில் ஏழு வட்டப் பின்னல்கள் தைத்த நாக்சிப் பெண்கள் எனப் பலரும் அந்தப் பலகைக்கு முன்னால் போவார்கள்; பாதிப் பேர் உள்ளேயும் வருவார்கள். சந்தைக்கு வந்தவர்கள் மூட்டைகளை லீ அம்மாளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பணத்தை அடுத்த சந்தையில் தருகிறேன் என்பவருக்கும் அவர் மது ஊற்றுவார். அவருடைய ஊறுகாய்க்கும் பழப்பாகுக்கும் ஊரில் பெயர் உண்டு. குல்லார்ட் இதையெல்லாம் விவரிக்கும்போது அவரே அந்தக் கடையின் ஒரு மரச்சாமானாக மாறிவிட்டார் என்று தோன்றும். அவரைக் கண்டு யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

இந்த இரண்டு இருக்கைகளிலிருந்தும் தெரிந்தவை வேறு வேறு. தெருவில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்த முதல் செய்தி, இந்த ஊரை நடத்துவது பெண்கள் என்பது. வணிகம் அவர்கள் கையில், சுமை அவர்கள் முதுகில், வீட்டு வரவு செலவு அவர்கள் பொறுப்பில். ஆண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிவதையும், மனைவியிடம் கைச்செலவுக்குப் பணம் கேட்பதையும் குல்லார்ட் வாஞ்சையோடு எழுதுகிறார். கூட்டுறவுச் சங்கங்களை அமைக்கும் வேலைக்காக அனுப்பப்பட்டவர் அவர். கம்பளி நூற்கவும் நெய்யவும், செம்பு வேலைக்கும், காகிதம் செய்யவும் சங்கங்களைத் தொடங்கிக் கடன் ஏற்பாடு செய்ய வேண்டும். யாருடைய வார்த்தைக்கு ஊரில் மதிப்பு என்பது தெரியாமல் அந்த வேலை ஓர் அடி நகராது. எனவே மதுக்கடை அவருக்கு ஓய்விடமாக மட்டும் இருக்கவில்லை. அலுவலகம் போலவும் இருந்தது.

மேசைக்கு முன் தனியே அமர்ந்தவருக்குத் தெரிந்தது மலை. 1922-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் செடி திரட்டுநராக லிஜியாங் வந்த ராக், நகரத்தில் தங்காமல் வடக்கே பனிமலையின் மடியிலுள்ள சிற்றூரில், இன்று யூஹு எனப்படும் இடத்தில், குடியேறினார். விதைகளும் உலர்செடிகளும் பறவைத் தோல்களும் ஆயிரக்கணக்கில் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போயின. பிறகு அவர் கவனம் செடியிலிருந்து ஏட்டுக்குத் திரும்பியது. டோங்பா எனப்படும் நாக்சிப் பூசாரிகளின் சித்திர எழுத்துச் சுவடிகளை ஆயிரக்கணக்கில் சேகரித்தார். பூசாரிகளை வீட்டில் அமர்த்திக்கொண்டு வரி வரியாகப் பொருள் கேட்டார். சீன வட்டார வரலாறுகளையும் மூ குடும்பத்தின் வம்சாவளி ஏட்டையும் துருவினார். தெருவில் நடக்கும் வாழ்க்கை அவர் நூலில் இல்லாமல் போனதற்கு அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. சுவடியை வாசிக்கத் தெரிந்த பூசாரிகள் கிழவர்களாக இருந்தார்கள். சந்தை அடுத்த வாரமும் கூடும். அவர்கள் இருப்பார்களா என்பது நிச்சயமில்லை.

இந்த இடத்தில் நாம் ஒரு தீர்ப்பை நோக்கிச் சாய்வது எளிது. ராக் விலகி நின்ற துரை, குல்லார்ட் கலந்து பழகிய மனிதர் என்று பிரித்துவிடலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன், இருவரும் எங்கெங்கே மிகைப்படுத்தினார்கள் என்று பார்த்திராவிட்டால்.

சிச்சுவானின் மேற்கில் மின்யா கொங்கா சிகரத்தைப் பார்த்த ராக், அதன் உயரம் 30,250 அடி, உலகிலேயே உயர்ந்தது என்று நேஷனல் ஜியோகிரபிக் சங்கத்துக்கு 1930-இல் தந்தி அடித்தார். சங்கம் அந்த எண்ணை அச்சிடவில்லை; நல்லதாயிற்று. சிகரத்தின் உயரம் ஏறக்குறைய 7,500 மீட்டர்தான், அதாவது 25,000 அடிக்குள். ஒரு சொல்லுக்கு ஐந்து அடிக்குறிப்பு எழுதும் அறிஞர் ஐயாயிரம் அடி தவறினார். குல்லார்ட்டுக்கு உயரங்களில் அக்கறை இல்லை. அவர் கூட்டியது இன்பத்தை. அவர் நூலில் லிஜியாங் பெரும்பாலும் வெயிலும் மலரும் சிரிப்புமாக இருக்கிறது. வறுமையும் நோயும் கொள்ளையும் வராமல் இல்லை. வந்தாலும் ஊரின் ஒளியைக் குறைப்பதில்லை. ஒருவர் மலையை உயர்த்தினார், ஒருவர் மக்களை உயர்த்தினார். அளவுகோலை நம்பியவரும் அளவுகோலே வேண்டாதவரும் ஒரே காரணத்தால் பிழைபட்டார்கள் என்பதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வியப்பு. தாம் கண்டடைந்தது உலகில் வேறெங்கும் இல்லை என்று இருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

ஏன் அந்த நிச்சயம் என்று கேட்டால் வியன்னாவுக்கும் மாஸ்கோவுக்கும் போக வேண்டும். ராக் 1884-இல் வியன்னாவில் பிறந்தவர். தந்தை ஒரு பிரபுவின் மாளிகையில் பணியாள். தாய் அவரது சிறுவயதிலேயே இறந்தார். மகன் பாதிரியாராக வேண்டும் என்று தந்தை விரும்ப, பையன் இரவில் தனியே சீன எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருந்தான். குல்லார்ட் 1901-இல் ரஷ்யாவில் பிறந்தவர். அவர் இழந்தது தந்தையை. வணிகக் குடும்பத்தில் வந்த தாய்வழிப் பாட்டி, சீனத்திலிருந்து மங்கோலியா வழியாகத் தேயிலையும் பட்டும் கொண்டுவந்த வணிகக் கூட்டங்களைப் பற்றிக் கதை சொல்லி வளர்த்தார். புரட்சிக்குப் பின் தாயும் மகனும் ஷாங்காய்க்கு ஓடினார்கள். 1924-இல் தாயும் போய்விட, துயரத்தில் இருந்த இளைஞர் ஹாங்சோவின் மேற்கு ஏரிப் பக்கம் ஒரு தாவோ துறவியிடம் அமைதி தேடினார். ஹாப்ஸ்பர்க் பேரரசும் ரோமனோவ் பேரரசும் ஓராண்டு இடைவெளியில் விழுந்தன. பிறந்த நாடு பிறந்தபடி இல்லாத இரண்டு பேர், திருமணம் செய்துகொள்ளாத இரண்டு பேர், சிறுவயதில் கற்பனையில் கண்ட ஆசியாவைத் தேடி வந்து, சீனாவின் கடைக்கோடியில் பனிமலைக்குக் கீழே ஒரே பள்ளத்தாக்கில் நின்றார்கள்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சிறிய ஒற்றுமை ஒன்றுண்டு. ராக் ஆசியப் பெருநிலத்தில் முதலில் தேடிவந்தது தொழுநோய்க்கு மருந்தெண்ணெய் தரும் சால்மூக்ரா மரத்தின் விதை. 1920-21-இல் சயாமிலும் பர்மாவிலும் அலைந்து அதைக் கண்டெடுத்தார். அந்தப் பயணத்தின் தொடர்ச்சிதான் லிஜியாங். குல்லார்ட்டோ லிஜியாங் வந்த பின் தம் வீட்டில் சிறிய மருந்தகம் நடத்தினார். மருத்துவம் படித்தவரில்லை, எளிய மருந்துகளை வைத்துக்கொண்டு புண்ணுக்கும் சொறிக்கும் கண்வலிக்கும் பார்த்தார். ஊரார் அவரை நம்பத் தொடங்கியது கூட்டுறவுக் கடனால் என்பதைவிட இந்தக் களிம்புகளால்தான் என்று நினைக்க இடமிருக்கிறது. மருந்து ஒருவரை ஊருக்கு அழைத்துவந்தது, இன்னொருவரை ஊருக்குள் அழைத்துப்போனது.

இருவருடைய நூல்களும் மிக நெருங்கி வருவது துயரமான ஒரு பொருளில். மூ வம்சத்தின் ஆட்சியை 1723-இல் சிங் அரசு நீக்கி நேரடி நிர்வாகத்தைக் கொண்டுவந்த பிறகு, பெற்றோர் நிச்சயிக்கும் திருமணமும் கற்பு பற்றிய கன்பூசிய விதிகளும் நாக்சி சமூகத்தின் மேல் இறுகின. இளமையில் தாராளமாகப் பழகிக்கொள்ளும் வழக்கமோ மறையவில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட காதலர்கள் இணைந்தே உயிர்விட முடிவு செய்து பனிமலையின் புல்வெளிகளுக்கு ஏறிப்போனார்கள். ஒருவர் இருவர் என்றில்லை. ஊரின் நிலையான துயரமாகவே அது இருந்தது. அப்படி இறந்தவர்கள் காற்றோடு அலையும் ஆவிகளாகிவிடாமல் இருக்க டோங்பாக்கள் ஹர்லாலு என்ற சடங்கைச் செய்வார்கள்.

ராக் இந்தச் சடங்கில் பாடப்படும் காதல் கதையை 1939-இல் மொழிபெயர்த்து விளக்கத்துடன் வெளியிட்டார். முதன்முதலாக இப்படி இறந்த பெண்ணாகச் சொல்லப்படுபவளின் கதை அது. ராக்கின் எழுத்தில் வழக்கமாக உணர்ச்சிக்கு இடமிருக்காது. இந்தப் பக்கங்களில் மட்டும் நடை நெகிழ்கிறது. அடிக்குறிப்புகளின் நடுவே ஒரு பெண்ணின் குரலைத் தப்பிப்போக விடாமல் பிடித்துவைக்கும் அக்கறை தெரிகிறது. குல்லார்ட் அதே துயரத்தை அண்டை வீடுகளில் பார்த்தார். உயிர் ஊசலாடும்போது ஆள் அனுப்பி அவரைக் கூட்டிப்போவார்கள். சில வேளை காப்பாற்ற முடிந்தது, சில வேளை முடியவில்லை. சடங்கையும் நேரில் இருந்து பார்த்து எழுதுகிறார். அவரிடம் உள்ள அழுத்தம் வேறு: மறுநாள் அந்த வீட்டில் தாய் என்ன ஆனாள், பக்கத்து வீட்டார் எதைச் சொல்லி ஆற்றினார்கள் என்பது. ஒருவர் நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பாடப்பட்ட ஒரு பெண்ணுக்காக வருந்தினார். மற்றவர் நேற்றுவரை தெருவில் கண்ட பெண்ணுக்காக வருந்தினார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நேற்று இறந்தவளுக்கு அந்தப் பழைய பாட்டு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்குகிறது. ஒருவரின் நூலை மட்டும் வைத்து இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

போர் இருவரையும் எதிரெதிர்த் திசையில் தொட்டது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து வந்த சாலையை அடைத்தபோது, சீனாவுக்கு நிலவழியாகச் சரக்கு வர எஞ்சிய பாதைகளில் ஒன்று கலிம்போங்கிலிருந்து லாசா வழியாக லிஜியாங்குக்கு வரும் மலைப்பாதை. துணி, சிகரெட், தையல் இயந்திரம் என இந்தியச் சந்தையில் கிடைத்தவையெல்லாம் விலங்குகளின் முதுகில் ஏறின. எண்ணாயிரம் கோவேறு கழுதைகளும் குதிரைகளும், ஏறத்தாழ இருபதாயிரம் யாக்குகளும் இதில் ஈடுபட்டன என்று குல்லார்ட் மதிப்பிடுகிறார். ஊர் செழித்தது, அவருடைய சங்கங்களுக்கும் வேலை பெருகியது. அவர் நினைவில் நின்ற லிஜியாங் இந்தப் பொன்னான ஆண்டுகளின் லிஜியாங் என்பதை அவர் நூலைப் படிக்கும்போது மறக்கக் கூடாது.

ராக்குக்கு அதே போரில் போனது வாழ்நாள் உழைப்பு. இமயத்துக்கு மேலே பறந்த சரக்கு விமானங்களுக்கு வரைபடம் தேவைப்பட்டபோது, அந்த மலைகளை நடந்து அறிந்த அவரை அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு அழைத்துக்கொண்டது. அவர் விமானத்தில் போனார். மொழிபெயர்ப்புகளும் குறிப்புகளும் இந்தியாவிலிருந்து கப்பலில் போயின. 1944-இல் அரபிக் கடலில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று அந்தக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. அறுபதைக் கடந்த மனிதர், பல ஆண்டு வேலை கடலடியில் கிடக்க, 1946-இல் லிஜியாங்குக்குத் திரும்பிவந்து டோங்பாக்களை மறுபடி அமர்த்தி முதலிலிருந்து தொடங்கினார். இந்தச் செய்தியை அறிந்த பிறகு அந்த வெள்ளை மேசைவிரிப்பின் மேல் எனக்கிருந்த எரிச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

1949 கோடையில் லிஜியாங் புதிய ஆட்சியின் கைக்குப் போனது. இருவரும் ஒரே விமானத்தில் கிளம்பினார்கள். இருபத்தேழு ஆண்டுத் தொடர்பும் எட்டு ஆண்டுத் தொடர்பும் ஒரே நாளில் அறுந்தன. அதன்பின் ராக் ரோமில் இத்தாலிய அறிஞர் ஜூசெப்பே தூச்சியின் பதிப்பு வரிசையில் நாக்சி சடங்கு நூல்களை வெளியிட்டார். 1962-இல் ஹொனலூலுவில் இறந்தபோது அவருடைய நாக்சி அகராதி அச்சாகி முடியவில்லை. முதல் தொகுதி மறு ஆண்டும், இரண்டாவது 1972-இலும் வந்தன. குல்லார்ட் தென்கிழக்காசியாவில் கூட்டுறவு வேலையைத் தொடர்ந்து, 1978-இல் சிங்கப்பூரில் காலமானார். இருவருமே திரும்பிப் போகவில்லை. ஆனால் வாஷிங்டனில் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்த கவிஞர் எஸ்ரா பவுண்ட், லிஜியாங்கை ஒருபோதும் காணாதவர், முதலில் ராக்கையும் பிறகு குல்லார்ட்டையும் படித்துத் தம் ‘கான்டோஸ்’ கவிதைத் தொடரின் கடைசிப் பகுதிகளில் நாக்சி உலகைக் கொண்டுவந்தார். சடங்கின் பெயர்கள் ராக்கிடமிருந்து, தெருவின் உயிர்ப்பு குல்லார்ட்டிடமிருந்து. இரண்டு நூல்களையும் சேர்த்துப் படித்தாக வேண்டும் என்பதை அந்தக் கவிஞர் நமக்கு முன்பே கண்டுகொண்டார்.

இன்று போகிறவர் என்ன செய்யலாம்? 1996 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பின் பழைய நகரம் சீரமைக்கப்பட்டு, 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மதுக்கடைகள் இருந்த வீதிகளில் இப்போது விடுதிகளும் நினைவுப்பொருள் கடைகளும் நெருக்கியடிக்கின்றன. நாக்சிக் குடும்பங்கள் பலவும் புதுநகருக்குப் பெயர்ந்துவிட்டன. சதுக்கத்தில் நின்றுகொண்டு குல்லார்ட்டைத் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அவர் எழுதியது மனிதர்களை, அவர்கள் அங்கே இல்லை. சந்தை கலைந்ததும் மதகை அடைத்து ஆற்றுநீரைச் சதுக்கத்தின் மேல் ஓடவிட்டுக் கழுவும் பழைய வழக்கத்தைத் தெரிந்துகொண்டு, கல்பாவிய தரையின் சரிவைக் கவனித்தால் ஓரளவு அவருடைய ஊர் பிடிபடும். யூஹுவில் ராக்கின் வீடு காட்சியகமாகிவிட்டது. அங்கிருந்து மேலே நடந்தால் அவர் எழுதியவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன, ஏனெனில் மலையும் கணவாயும் குடிபெயர்வதில்லை. சுவடிகளின் கதி இன்னும் நல்லது. லிஜியாங்கிலுள்ள டோங்பா ஆய்வு நிறுவனம், எஞ்சியிருந்த முதிய டோங்பாக்களின் துணையோடு வாசித்து மொழிபெயர்த்த சுவடிகள் நூறு தொகுதிகளாக வெளிவந்தன. 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் டோங்பா சுவடிகள் இடம்பெற்றன. 1990களில் ராக்கின் நூலும் குல்லார்ட்டின் நூலும் சீன மொழியில் வந்தன. தம் பாட்டிமார் காலத்துத் தெரு எப்படி இருந்தது, சடங்கில் என்ன பாடினார்கள் என்று அறிய விரும்பும் நாக்சி இளைஞர், சுவடிக்கு ராக்கையும் லீ அம்மாளுக்குக் குல்லார்ட்டையும் எடுக்க வேண்டியிருக்கிறது.